வாதத்தைப் பலவீனப்படுத்தும் ஆப்ஷன் எது? போட்டித் தேர்வுகளில் குழப்பும் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது எப்படி? - விரிவான விளக்கம்

கேள்வியைப் படித்தாகிவிட்டது. ஐந்து ஆப்ஷன்களில் மூன்றை நீக்கியும் ஆகிவிட்டது. மிச்சம் இரண்டு. இரண்டுமே சரி மாதிரிதான் தெரிகிறது. கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கிறது. 'சரி, போகட்டும்' என்று ஒன்றை டிக் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம். கடைசியில் பார்த்தால், நாம் விட்டுவிட்டு வந்த ஆப்ஷன்தான் சரியான விடை!

எம்பிஏ, சட்டப் படிப்பு, வங்கி வேலை என நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் பலருக்கும் இது பழகிய கதை. குறிப்பாக, 'கீழ்க்கண்டவற்றில் எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது?' என்று கேட்கும் கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகளில் இது அடிக்கடி நடக்கும்.

இந்தக் கேள்விக்குப் பொது அறிவு தேவையில்லை. மனப்பாடம் செய்ய ஃபார்முலாவும் கிடையாது. பிறகு ஏன் தவறுகிறது? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் அடிக்கிறோம். எங்கே அடிக்க வேண்டும், அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்தெந்தத் தேர்வுகளில் வருகிறது?

ஜிமேட்: வெளிநாட்டிலும் இந்தியாவிலும் எம்பிஏ சேர எழுதப்படும் தேர்வு. இப்போதைய வடிவத்தில் வெர்பல் பகுதிக்கு 23 கேள்விகள், 45 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு முழுதாக 2 நிமிடம்கூடக் கிடைக்காது. வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகள் நீக்கப்பட்டுவிட்டதால், ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டும்தான் வெர்பலில் மிச்சம்.

எல்சாட்: அமெரிக்க சட்டக் கல்லூரிகளுக்கான தேர்வு. 2024 ஆகஸ்ட் முதல் 'லாஜிக் கேம்ஸ்' பகுதி நீக்கப்பட்டது. இப்போது மதிப்பெண் கணக்கில் வரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்தான்.

கிளாட்: இந்தியாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். இளநிலைப் படிப்புக்கான தேர்வில் 120 கேள்விகளுக்கு 120 நிமிடங்கள். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும்.

இவை தவிர, வங்கி அதிகாரி பணிக்கான மெயின் தேர்வுகளின் ரீசனிங் பகுதியிலும் இதே வகைக் கேள்விகள் வருவதுண்டு. தேர்வு எதுவாக இருந்தாலும் கேள்வியின் எலும்புக்கூடு ஒன்றேதான்.

கேள்வி உண்மையில் என்ன கேட்கிறது?

வழக்கமாகக் கேள்வி இப்படி இருக்கும்: 'கீழ்க்கண்டவற்றில் எது உண்மையானால், மேற்கண்ட வாதத்தை மிக அதிகமாகப் பலவீனப்படுத்தும்?'

இதில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும்.

'உண்மையானால்' - ஆப்ஷனில் சொல்லியிருப்பதை அப்படியே உண்மை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். 'இப்படியெல்லாம் நடக்குமா?' என்று சந்தேகப்பட நமக்கு உரிமை இல்லை. நம்ப முடியவில்லை என்பதற்காக ஒரு ஆப்ஷனை நீக்குவது பலர் செய்யும் முதல் தவறு.

'மிக அதிகமாக' - ஒன்றுக்கு மேற்பட்ட ஆப்ஷன்கள் வாதத்தை லேசாக உரசலாம். அதிகம் ஆட்டிப் பார்ப்பது எது என்பதே கேள்வி.

'பலவீனப்படுத்தும்' - பொய் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வாதத்தைப் படித்தபோது அந்த முடிவின் மேல் நமக்கு 70 சதவீதம் நம்பிக்கை இருந்தது என்று வையுங்கள். ஆப்ஷனைப் படித்த பிறகு அது 40 ஆகக் குறைந்தால் போதும். வாதம் அடியோடு சாய வேண்டும் என்று காத்திருப்பவர்கள் சரியான விடையைப் பார்த்தும் தாண்டிப் போய்விடுவார்கள்.

வாதத்துக்கு மூன்று பாகங்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாது

ஒரு விளம்பரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'எங்கள் சென்டரில் படித்த 100 பேரில் 90 பேர் பாஸ். ஆகவே, வெற்றிக்குக் காரணம் எங்கள் பயிற்சிதான்!'

100 பேரில் 90 பேர் பாஸ் - இது ஆதாரம்.

காரணம் எங்கள் பயிற்சி - இது முடிவு.

இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. 'இந்த 90 பேரும் இங்கே வராமல் இருந்திருந்தால் பாஸ் ஆகியிருக்க மாட்டார்கள்' என்பதுதான் அது. இதை அனுமானம் என்கிறோம். ஆதாரம் ஒரு கரை, முடிவு மறு கரை என்றால், அனுமானம்தான் நடுவில் உள்ள பாலம்.

இப்போது ஒரு புதுத் தகவல் வருகிறது. 'அந்த சென்டர் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு வைத்து, அதில் நல்ல மார்க் வாங்கியவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கிறது.'

கவனியுங்கள். 90 பேர் பாஸ் ஆனது பொய் என்று இந்தத் தகவல் சொல்லவில்லை. பயிற்சி மோசம் என்றும் சொல்லவில்லை. ஆனால், இங்கே வந்தவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள் என்று காட்டிவிட்டது. எங்கே படித்திருந்தாலும் பாஸ் ஆகியிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவுதான், பாலம் ஆட்டம் கண்டுவிட்டது.

மொத்த விஷயமும் இதுதான். ஆதாரத்தோடு சண்டை போடாதீர்கள். முடிவு பிடிக்கவில்லை என்று எதிர்ப்பு தெரிவிக்கவும் வேண்டாம். 'இந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்குப் போக முடியுமா?' என்று மட்டும் கேளுங்கள்.

நான்கு படிகளில் விடை

இனி ஒரு முழுக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைக் கேள்விதான்.

'ஒரு நகரத்தின் கடைவீதியில் ஜனவரி 1 அன்று சிசிடிவி கேமராக்கள் பொருத்தப்பட்டன. அடுத்த ஆறு மாதங்களில் அங்கு பதிவான பிக்பாக்கெட் புகார்கள், முந்தைய ஆறு மாதங்களைவிடப் பாதியாகக் குறைந்தன. எனவே, கேமராக்கள் பிக்பாக்கெட் திருட்டைக் குறைத்துள்ளன.'

படி 1: முதலில் கேள்வியைப் படியுங்கள். பலவீனப்படுத்தச் சொல்கிறதா, பலப்படுத்தச் சொல்கிறதா, அனுமானத்தைக் கேட்கிறதா என்று தெரிந்துகொண்டு பத்திக்குள் போனால், எதைத் தேட வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

படி 2: முடிவைப் பிடியுங்கள். 'எனவே', 'ஆகவே', 'இதிலிருந்து தெரிவது' போன்ற சொற்கள் அடையாளம் காட்டும். சில பத்திகளில் முடிவு முதல் வரியிலேயே வந்துவிடும். சந்தேகம் இருந்தால், 'இவர் நம்மை எதை நம்பச் சொல்கிறார்?' என்று கேட்டுப் பாருங்கள். இங்கே முடிவு: கேமராக்கள் திருட்டைக் குறைத்தன. 'முழுக்க ஒழித்தன' என்று சொல்லவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 3: ஆப்ஷன்களைப் பார்க்கும் முன் ஓட்டையைத் தேடுங்கள். பத்து விநாடி போதும். 'புகார் குறைந்ததற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?' முந்தைய ஆறு மாதம் என்பது ஜூலை முதல் டிசம்பர் வரை. அதில் தீபாவளிக் கூட்டம் வருகிறதே! கூட்டம் இருந்தால் பிக்பாக்கெட்டும் அதிகம்தானே? அல்லது, திருட்டு அப்படியேதான் இருக்கிறது, மக்கள் புகார் கொடுப்பதுதான் குறைந்திருக்கிறதோ? இப்படி ஒன்றிரண்டு யோசித்து வைத்தால் ஆப்ஷன்கள் நம்மை இழுத்துக்கொண்டு போகாது.

படி 4: இப்போது ஆப்ஷன்களைப் பாருங்கள்.

1. கேமரா பொருத்துவதற்கு நகராட்சி எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது.

2. பக்கத்து ஊர்க் கடைவீதியிலும் கேமரா பொருத்திய பிறகு பிக்பாக்கெட் குறைந்தது.

3. ஜனவரி முதல் ஜூன் வரை மேம்பாலப் பணிக்காகப் பிரதான சாலை மூடப்பட்டிருந்ததால், கடைவீதிக்கு வருவோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது.

4. ஆறு மாதங்களில் சில கேமராக்கள் ஒரு வாரம் வேலை செய்யவில்லை.

5. கேமரா வைத்த பிறகும் கடைவீதியில் சில பிக்பாக்கெட் சம்பவங்கள் நடந்தன.

முதல் ஆப்ஷன் செலவைப் பற்றிப் பேசுகிறது. முடிவு செலவைப் பற்றியதே அல்ல. இரண்டாவது, வாதத்துக்குக் கைகொடுக்கிறது. கேள்வியின் திசையை மறந்தவர்கள் இதில்தான் விழுவார்கள். நான்காவது லேசாக உரசுகிறது. ஆனால், ஆறு மாதத்தில் ஒரு வாரம், அதுவும் சில கேமராக்கள் மட்டும் என்பது பெரிய விஷயமில்லை. ஐந்தாவது பார்க்க எதிர்ப்பு மாதிரி இருக்கும். ஆனால், புகார் பாதியானது என்றாலே மீதிப் பாதி நடந்திருக்கிறது என்றுதான் பொருள். புதிதாக எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் விடை. கூட்டம் பாதிக்கும் கீழே போனால், கேமராவே இல்லாவிட்டாலும் பிக்பாக்கெட் பாதியாகியிருக்கலாம். புகார் குறைந்தது உண்மை, கேமரா வைத்ததும் உண்மை. 'அதனால் இது' என்ற பாலம்தான் ஆட்டம் கண்டது. நாம் யோசித்த தீபாவளிக் கூட்டம் ஆப்ஷனில் வரவில்லை. ஆனால், 'கூட்டத்தின் அளவு மாறியிருக்கலாம்' என்ற அதே ஓட்டைதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அடிக்கடி வரும் ஐந்து ஓட்டைகள்

கேள்விகள் ஆயிரம் விதமாக இருக்கலாம். ஓட்டைகள் திரும்பத் திரும்ப வருபவைதான்.

1. வேறு காரணம்: மேலே பார்த்த கேமரா கேள்வி இந்த ரகம். 'அது நடந்தது, பிறகு இது நடந்தது, ஆகவே அதனால்தான் இது' என்று வாதம் சொல்லும். அதே நேரத்தில் நடந்த மூன்றாவது ஒன்றைக் காட்டும் ஆப்ஷன் விடையாக இருக்கும்.

2. தலைகீழ் காரணம்: 'மாக் டெஸ்ட் அதிகம் எழுதிய மாணவர்கள் தேர்வில் அதிக மார்க் வாங்கினார்கள். மாக் டெஸ்ட்தான் மார்க்கைக் கூட்டுகிறது.' முதல் டெஸ்ட்டில் நல்ல மார்க் வாங்கியவர்கள்தான் உற்சாகமாகத் தொடர்ந்து எழுதினார்கள், குறைவாக வாங்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தால்? மாக் டெஸ்ட் அவர்களை நல்ல மாணவர்கள் ஆக்கவில்லை. நல்ல மாணவர்கள் என்பதால் மாக் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள்.

3. தவறான மாதிரி: 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அதை வைத்து ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று கணித்தது. நடந்தது என்ன? பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் பெருமளவு டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? அதோடு, கேட்டவர்களில் பெரும்பாலோர் பதிலே அனுப்பவில்லை. எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கேட்கப்பட்டவர்கள் எல்லோரையும் பிரதிபலிக்கவில்லை என்றால் வாதம் பலவீனமாகிவிடும்.

4. எண்ணிக்கையா, விகிதமா?: 'விபத்தில் தலையில் அடிபட்ட 100 பேரில் 60 பேர் ஹெல்மெட் அணிந்திருந்தார்கள். ஆகவே ஹெல்மெட்டால் பயனில்லை.' இந்தக் கற்பனை வாதத்தை உடைக்க ஒரே ஒரு தகவல் போதும்: அந்த ஊரில் 95 சதவீதம் பேர் ஹெல்மெட் அணிகிறார்கள். அப்படியென்றால், ஹெல்மெட் அணியாத வெறும் 5 சதவீதம் பேரிடமிருந்து 40 பேர் அடிபட்டிருக்கிறார்கள்! அதே எண்கள் இப்போது ஹெல்மெட்டுக்கு ஆதரவாகப் பேசுகின்றன.

5. திட்டம் பலிக்குமா?: 'பஸ் கட்டணத்தைக் கால்வாசி குறைத்தால் பயணிகள் கூடுவார்கள், எங்கள் வருமானமும் உயரும்' என்கிறது ஒரு தனியார் பஸ் நிறுவனம். 'இந்தத் தடத்தில் எல்லா டிரிப்பும் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன' என்றால், புதுப் பயணிகளை எங்கே ஏற்றுவது? அதே கூட்டம், குறைந்த கட்டணம். வருமானம் குறையத்தான் வாய்ப்பு அதிகம். திட்டம் பற்றிய கேள்வியில் 'இலக்கு என்ன, அதை அடைய எது தடை?' என்று கேளுங்கள். இங்கே இலக்கு வருமானம். 'டிரைவர்களுக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை' என்ற ஆப்ஷன் இலக்கைத் தொடவே இல்லை.

சிக்கவைக்கும் ஆப்ஷன்கள்

கேள்வி தயாரிப்பவர்கள் தவறான ஆப்ஷன்களையும் யோசித்துத்தான் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அவை நான்கு ரகம்.

எதிர்த்திசை ஆப்ஷன்: வாதத்தைப் பலப்படுத்தும். பத்தியோடு நன்றாகப் பொருந்துவதால் சரி போலத் தெரியும்.

பக்கத்து வீட்டு ஆப்ஷன்: பத்தியில் வரும் அதே சொற்கள் இருக்கும், ஆனால் பேசுவது வேறு விஷயம். கேமரா செலவு இந்த ரகம்.

கருத்து ஆப்ஷன்: 'பலர் இதை ஏற்கவில்லை', 'வல்லுநர்கள் சிலர் எதிர்க்கிறார்கள்'. ஏன் எதிர்க்கிறார்கள் என்ற காரணம் இல்லாவிட்டால், அது பொதுவாக வாதத்தை அசைக்காது.

'சில' ஆப்ஷன்: 'சில நேரம்', 'சிலருக்கு' என்று வரும் தகவல், பொதுவான ஒரு முடிவை அதிகம் பாதிக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை. முடிவு 'எல்லோரும்', 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொன்னால், ஒரே ஒரு விதிவிலக்கு போதும். எனவே முடிவின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஆப்ஷனின் அளவைப் பார்க்க வேண்டும்.

தேர்வறைக்கு வெளியே: லண்டன், 1854

'இதெல்லாம் மார்க் வாங்கும் தந்திரம்தானே?' என்று தோன்றலாம். இல்லை. இதே முறையில் ஒரு மருத்துவர், உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்த ஒரு வாதத்தை ஆட்டிப் பார்த்த கதை உண்டு.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாட்களில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்பதுதான் அன்றைக்குப் பெரும்பாலான மருத்துவர்களின் நம்பிக்கை. அவர்கள் வாதம் இதுதான்: நாற்றமும் நெரிசலும் அதிகமுள்ள இடங்களில் காலரா அதிகம், எனவே, கெட்ட காற்றே காரணம்.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், அந்தப் பகுதியில் நாற்றம் இல்லை என்று வாதாடவில்லை. நெரிசல் இல்லை என்றும் சொல்லவில்லை. ஆதாரத்தை விட்டுவிட்டுப் பாலத்தைத் தேடினார். அங்கே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது காற்று மட்டும்தானா? பிராட் தெருவில் ஒரு தண்ணீர் பம்பும் இருந்ததே!

அவர் சேகரித்த தகவல்களைப் பாருங்கள். பம்ப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மது ஆலை. அங்கே 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவர்கூட காலராவில் இறக்கவில்லை. அவர்கள் ஆலையின் மதுவைக் குடித்தார்கள், ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். இறந்தது 5 பேர் மட்டும். அங்கும் சொந்தமாகத் தண்ணீர் வசதி உண்டு. அதே பகுதி, அதே காற்று. ஆனால் நோய் பெரிதாக இல்லை.

இன்னொரு பக்கம், பல கிலோமீட்டர் தள்ளி ஹாம்ஸ்டெட் பகுதியில் வசித்த ஒரு பெண்மணி காலராவில் இறந்தார். அவர் முன்பு பிராட் தெருவில் இருந்தவர். அந்தத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதைக் குடித்துவிட்டுத் தன் ஊருக்குப் போய் இறந்தார். இங்கே காற்று வேறு. ஆனால் நோய் இருக்கிறது.

காரணம் இருந்தும் விளைவு இல்லை. காரணம் இல்லாமலே விளைவு இருக்கிறது. தேர்வுகளில் இந்த இரண்டும் வலுவான விடைகள். இவை கெட்ட காற்று வாதத்தை முழுவதுமாகப் பொய்யாக்கவில்லை. உண்மையில் பல மருத்துவர்கள் அப்போதும் ஏற்கவில்லை. ஆனால் வாதம் பலவீனமானது. 1884-ல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் காலரா கிருமியைப் பிரித்தெடுத்தபோது, ஸ்னோ இறந்து 25 ஆண்டுகள் கடந்திருந்தன.

இப்போது உங்கள் முறை

அதே கதையிலிருந்து ஒரு பயிற்சிக் கேள்வி. ஆப்ஷன்களைப் பார்க்கும் முன் பத்து விநாடி யோசியுங்கள்.

'ஜான் ஸ்னோவின் வேண்டுகோளை ஏற்று, 1854 செப்டம்பர் 8 அன்று பிராட் தெரு பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதன்பிறகு காலரா ஓய்ந்தது. எனவே, கைப்பிடியைக் கழற்றியதுதான் அந்தக் காலராவை நிறுத்தியது.' இந்த வாதத்தை மிக அதிகமாகப் பலவீனப்படுத்துவது எது?

1. கைப்பிடியைக் கழற்ற உத்தரவிட்ட நிர்வாகிகளில் சிலர் ஸ்னோ சொன்னதை முழுமையாக நம்பவில்லை.

2. சோஹோவில் வேறு சில தெருக்களிலும் தண்ணீர் பம்புகள் இருந்தன.

3. மக்கள் பெருமளவு அந்தப் பகுதியைவிட்டு வெளியேறியதால், கைப்பிடியைக் கழற்றும் முன்பே புதிதாக நோய் தாக்குவது வெகுவாகக் குறைந்திருந்தது.

4. அந்தக் கிணற்றுக்கு மிக அருகில் கசியும் கழிவுத் தொட்டி ஒன்று இருந்தது.

முதல் ஆப்ஷன் வெறும் கருத்து. நம்பாமல் கழற்றினாலும் கழற்றியது கழற்றியதுதான். இரண்டாவது பக்கத்து வீட்டு ஆப்ஷன். நான்காவது, தண்ணீர்தான் காரணம் என்பதற்கு வலு சேர்க்கிறது. விடை மூன்று. கைப்பிடி போகும் முன்பே நோய் இறங்குமுகத்தில் இருந்தது என்றால், 'இதுதான் நிறுத்தியது' என்று எப்படிச் சொல்வது?

இது தேர்வுக்காக நாம் கற்பனை செய்த தகவலும் இல்லை. ஸ்னோவே 1855-ல் வெளியிட்ட தன் புத்தகப் பதிப்பில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். மக்கள் வெளியேறியதால் ஏற்கெனவே நோய் குறைந்திருந்தது, கைப்பிடியை எடுத்ததால்தான் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். தனக்கு சாதகமான வாதத்தையும் அவர் அதே தராசில்தான் நிறுத்தார்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்றாவது ஆப்ஷன் 'கைப்பிடியைக் கழற்றியதால் நின்றது' என்ற முடிவைத்தான் பலவீனப்படுத்துகிறது. 'தண்ணீரால் காலரா பரவியது' என்ற முடிவை அது தொடவில்லை. மது ஆலையும் ஹாம்ஸ்டெட் பெண்மணியும் தந்த ஆதாரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. எந்த முடிவை ஆட்டுகிறோம் என்று தெளிவாக இருந்தால்தான் சரியான ஆப்ஷன் கண்ணில் படும்.

தேர்வு நேரத்தில் கவனிக்க வேண்டியவை

* இரண்டு ஆப்ஷன்களில் மாட்டிக்கொண்டால், இரண்டையும் மறுபடி மறுபடி படிக்காதீர்கள். முடிவு வரியை ஒருமுறை திரும்பப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு ஆப்ஷனையும் 'இது உண்மை என்றாலும், முடிவு அப்படியே நிற்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். 'நிற்கும்' என்று வந்தால் அதை நீக்கிவிடலாம்.

* ஒரு ஆப்ஷன் வாதத்தை பாதிக்கிறது என்று காட்ட நீங்களாகவே இரண்டு, மூன்று கதைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறதா? பெரும்பாலும் அது விடையாக இருக்காது.

* கேள்வியில் 'தவிர' என்று வந்தால் உஷார். 'கீழ்க்கண்ட அனைத்தும் வாதத்தைப் பலவீனப்படுத்துகின்றன, ஒன்றைத் தவிர' என்றால், பலவீனப்படுத்தாததைத் தேட வேண்டும். அது வாதத்தைப் பலப்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம்.

* உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறை பற்றிய பத்தி வந்தால் இன்னும் கவனம் தேவை. வெளியே தெரிந்ததை வைத்து விடை தேடும் ஆசை அங்கேதான் அதிகம் வரும்.

* பயிற்சியில் தவறான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, மேலே சொன்ன ஐந்து ஓட்டைகளில் எது, நான்கு ரகப் பொறிகளில் எதில் விழுந்தோம் என்று குறித்து வையுங்கள். சில வாரங்களில் நாம் வழக்கமாக எங்கே சறுக்குகிறோம் என்று தெரிந்துவிடும்.

பயிற்சிக்குப் புத்தகம் மட்டும்தான் வேண்டும் என்பதில்லை. 'இதைக் குடித்தேன், ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வேர்டு வந்தால், அதையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் எது? முடிவு எது? நடுவில் சொல்லாமல் விட்டது எது? அந்த சளி, எதையும் குடிக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் சரியாகியிருக்குமோ? இந்தக் கேள்வி உங்களுக்குத் தானாகவே தோன்ற ஆரம்பித்துவிட்டால், தேர்வறையில் அந்தக் கடைசி இரண்டு ஆப்ஷன்கள் இனி அவ்வளவு பயமுறுத்தாது.